காந்த ஊடுருவல் சந்தி: துளை இல்லாத 'டனல்'

மேக்னெட்டிக் டனல் ஜங்ஷனைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'காந்தச் சுரங்கச் சந்தி' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கருவியில் சுரங்கம் கிடையாது. இருந்தால் கருவி கெட்டது என்று அர்த்தம்.

இரண்டு காந்த உலோகப் படலங்கள், நடுவே சுமார் 1 நானோமீட்டரில் ஒரு மின்கடத்தாப் படலம். நாலைந்து அணு அடுக்குதான். அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் குவாண்டம் விதிப்படி எலெக்ட்ரான்கள் அதைக் கடந்துவிடும். இரு காந்தங்களும் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிரெதிராக நின்றால் அதிகம். காந்தத்தில் தகவலைச் சேமிக்கும் எம்ரேம் (MRAM) என்ற கணினி நினைவகம் 0, 1 படிப்பது இதை வைத்துத்தான்.

'டனல்' என்பது பீப்பாயைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. நம் 'சுரங்க'மும் குழல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று சமஸ்கிருதம் வழியாக வந்ததே என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. இரண்டுக்குள்ளும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. எலெக்ட்ரானோ எதையும் குடைவதில்லை. படலத்தில் ஊசித்துளை விழுந்தால் மின்சாரம் அதன் வழியே குறுக்குச்சுற்றாக ஓடிவிடும். அதனால் என் ஓட்டு 'ஊடுருவ'லுக்கு. ராமனின் அம்பு ஏழு மராமரங்களை ஊடுருவியது ஓட்டை போட்டுத்தான், சரி. கண்ணாடியை ஊடுருவும் வெளிச்சத்துக்கும் அதே சொல்தானே.

'சந்தி'யை மாற்ற வேண்டாம். டையோடு பாடத்திலேயே பழகிய சொல். இலக்கணத்தில் சந்தி என்பது சொற்கள் சேருமிடத்தில் நடக்கும் மாற்றம். மரமும் வேரும் சேர்ந்தால் மகரம் கெட்டு 'மரவேர்'. இங்கும் அப்படித்தான். கோபால்ட், இரும்போடு போரானைச் சேர்த்தால் காந்தப் படலம் படிகமாகாமல் வழவழவென்று படிகிறது. அதன்மேல் நடுப்படலமான மெக்னீசியம் ஆக்சைடு சீராக உட்காருகிறது. பிறகு 300 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் போரான் எல்லையை விட்டு விலக, உலோகம் ஆக்சைடின் அணுவரிசையைப் பார்த்துத் தானும் படிகமாகிறது. போரான்தான் இங்கே கெடும் மகரம்!

நடுப்படலத்தை வேறு வேறு பொருளில் செய்து பார்த்ததில் கிடைத்த பலன் சாதாரணமல்ல. 1975-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜூலியே ஜெர்மானியம் தடுப்போடு கண்ட மின்தடை மாற்றம் 14 சதவீதம், அதுவும் 4.2 கெல்வின் கடுங்குளிரில். பின்னால் வந்த அலுமினியம் ஆக்சைடு அணுவொழுங்கு இல்லாதது; அறை வெப்பநிலையில் வேலை செய்தாலும் நூறைத் தொடவில்லை. 2004-இல் படிக மெக்னீசியம் ஆக்சைடு ஏறக்குறைய 200-ஐ எட்டியது. 2008-இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகக் குழு 604-க்குப் போனது.

கடைசியாக 'இன்டர்ஃபேஸ்'. இடைமுகம் என்றால் மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது, 'இடைப்பரப்பு' தேவலை. அது வழவழப்பாக இல்லாவிட்டால் இரண்டு தொல்லை. தடிமன் துளி குறைந்தாலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறுமென்பதால், மெலிந்த இடமே பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். மேலும் இருபக்கப் பரப்பும் ஒன்றுபோல் மேடுபள்ளமாக நெளிந்தால், அந்தச் சரிவுகளில் காந்த முனைகள் தோன்றி இரு காந்தங்களையும் ஒரே திசைக்கு இழுக்கும். தனியாகத் திரும்ப வேண்டிய காந்தம் திரும்ப அடம்பிடிக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் விளக்கிய இந்த விளைவுக்கு ஆங்கிலத்தில் ஆரஞ்சுத் தோலின் பெயர். தமிழிலும் 'ஆரஞ்சுத் தோல் பிணைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாம், கமலா ஆரஞ்சை உரித்த யாருக்கும் புரியும்.