குழம்பில் சுறா, திரையில் ஷார்க்: ஒரு சொல் விளக்கம்

கடலைப் பற்றிய காணொளி எதைத் திறந்தாலும் இப்போதெல்லாம் ஷார்க்தான். ஒயிட் ஷார்க், டைகர் ஷார்க், ஷார்க் அட்டாக். சுறா என்று சொன்னால் மீன் மார்க்கெட் வாசனை அடிக்கும் என்று நினைக்கிறார்களோ என்னவோ, குழம்பில் கிடந்தால் சுறா, திரையில் நீந்தினால் ஷார்க் என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒரே மீன்தான். எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்பு, பக்கத்துக்கு ஐந்து முதல் ஏழு செவுள் பிளவுகள், மணல்தாளைப் போல உரசும் தோல். இந்தக் கூட்டத்தில் அடங்கும் மீன் எதுவானாலும் அதற்குத் தமிழ் சுறா என்பதே.

பழைய தமிழில் சுறா, சுறவு, சுறவம் என்று மூன்று வடிவங்கள் உண்டு. மலையாளத்தில் ஸ்ராவு, தெலுங்கில் சொர. அதாவது ஒரு கரைக்கு மட்டும் உரிய சொல் இல்லை, திராவிட மொழிகள் பங்கு போட்டுக்கொண்ட சொல். பேச்சில் நாம் 'சொறாப் புட்டு' என்போமே, அதைக் கொச்சை என்று தள்ள வேண்டியதில்லை, தெலுங்கு வடிவத்துக்குப் பக்கத்து வீடு அது.

சங்கப் பாட்டில் இந்தச் சொல் வரும் இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது குறுந்தொகை 269. 'வயச்சுறா எறிந்த புண்தணிந்து எந்தையும் நீனிறப் பெருங்கடல் புக்கனன்' என்கிறாள் தலைவி. வலிமையான சுறா தாக்கி அப்பாவுக்குக் காயம், அது ஆறியது, மறுபடி கடலுக்குப் போய்விட்டார், அம்மாவும் உப்பை விற்று நெல் வாங்கப் போயிருக்கிறாள், ஆக வீட்டில் யாரும் இல்லை, இதைப் போய்த் தலைவனிடம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பதுதான் அவள் கவலை. சுறா கடித்தது அந்தப் பாட்டில் வெறும் பின்னணித் தகவல்!

பட்டினப்பாலை வேறு மாதிரி. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கப் போகாமல், தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து, 'சினைச்சுறவின் கோடு' நட்டு அதில் தெய்வத்தை ஏற்றிக் கும்பிடுகிறார்கள். சினைச்சுறவு என்றால் வயிற்றில் குட்டியோடு இருந்த சுறா. சரி, சுறாவுக்கு ஏது கொம்பு? கோடு என்பது இருபுறமும் பல் வைத்த ரம்பம் போன்ற மூக்காகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் அந்த மீன் இன்று கடலோரத்தில் வேளா என்று சொல்லப்படுவது. இன்றைய வகைப்பாட்டில் வேளா திருக்கைக்குச் சொந்தம், சுறாவுக்கு இல்லை. அன்று சுறவு என்ற சொல் இதையும் சேர்த்துக்கொண்டு அகலமாக இருந்திருக்கிறது. இன்னும் விரிந்து, வடமொழியில் மகரம் எனப்படும் புராணக் கடல்விலங்குக்கும் தமிழ் இதே சொல்லைத்தான் கொடுத்தது. காமனுக்குச் சுறவக்கொடியோன் என்று பெயர், மகர ராசி சுறவம், தனித்தமிழ் நாட்காட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் தை மாதமும் சுறவம்தான்.

இப்போது ஷார்க்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவலானது 16ஆம் நூற்றாண்டில்தான். கேப்டன் ஜான் ஹாக்கின்ஸின் மாலுமிகள் பிடித்து வந்த சுறா ஒன்றை 1569இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள், அதைப் பற்றி அச்சிட்ட அறிவிப்பில் இந்தப் பெயர் இருக்கிறது. அதற்கு முன் ஸ்பானியர்களிடம் கடன் வாங்கிய டிபுரோன் என்ற பெயரால் சமாளித்தார்கள், அதுவும் ஸ்பானியருக்கே அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. ஷார்க் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. மாயா மொழியின் ஷோக் என்பார்கள் சிலர், அயோக்கியன் என்று பொருள்படும் ஜெர்மன் ஷுர்க்கெ என்பார்கள் வேறு சிலர். பிறப்பிடமே தகராறில் இருக்கும் சொல்லுக்கு நாம் கொடுக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம்தான்.

கடன் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. வாலின் கீழ்நுனி கறுத்த ஒரு சுறாவுக்கு 1839இல் வைத்த அறிவியல் பெயர் இன்று கார்கரைனஸ் சொறா என்று வழங்குகிறது. அந்தச் சொறா சோழமண்டலக் கரையில் மீனவர்கள் சொன்ன பெயர்தான், லத்தீன் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தின் மில்க் ஷார்க் என்ற பெயர் வந்ததும், அதைத் தின்றால் தாய்ப்பால் ஊறும் என்ற இந்திய நம்பிக்கையிலிருந்து. நம் ஊர்ப் பால்சுறாதான் அது. பிள்ளை பெற்றவளுக்கு ஏன் புட்டு போடுகிறார்கள் என்று கேட்டால் எந்தப் பாட்டியும் இதையே சொல்வார். புட்டு செய்வது இப்படி: கொதிநீர் ஊற்றி, மணல் போல நெருடும் தோலைச் சுரண்டி எடுத்து, வேகவைத்து, உதிர்த்து, மஞ்சளும் பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கி. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ சேர்த்துச் சுறா வறை. அப்புறம் அந்த அம்மோனியா நெடி, அது சுறாவின் உடம்பில் இருக்கும் யூரியா, மீன் செத்தபின் சிதைவதால் வருவது, பழைய மீனாக இருந்தால் தூக்கலாக வரும்.

ஷார்க் சார்மர் என்று ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு சொல் வரும், அதைச் 'சுறா வசியக்காரர்' என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள், வேண்டாம். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களைச் சுறா தொடாமல் இருக்க மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டியவருக்குக் கடல்கட்டி என்றே பெயர். இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனது என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் காலத்திலும் இது பரம்பரைப் பதவியாக நீடித்தது, அப்போது பதவியில் இருந்தவர் கத்தோலிக்கர். அவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கத் தயங்கினார்களாம். மந்திரம் பலித்ததோ இல்லையோ, சொல் அருமையான சொல்.

வகைப் பெயர்களிலும் இதே தவறு நடக்கிறது. 'சுத்தியல்தலைச் சுறா' என்று எழுதுகிறவர்கள் கொம்பன்சுறாவைக் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. ஆனால் நம் கரையில் பழக்கமில்லாததற்குப் புதுப்பெயர் தேவைதான், பெருவெள்ளைச் சுறா என்பது அப்படி வந்தது, நன்றாகவே இருக்கிறது. திமிங்கலச் சுறாவும் பரவாயில்லை, திமிங்கலம் இல்லை என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மிதவை உயிரிகளைத் தின்று வாழும் அந்தப் பிரம்மாண்ட மீனை இந்தியாவில் பிடிப்பது 2001 முதல் குற்றம்.

ஷார்க் அட்டாக்கை எப்படிச் சொல்வது? 'சுறாத் தாக்குதல்' என்றால் படை திரட்டி வந்தது போல இருக்கிறது. கிறிஸ்டோபர் நெஃப், ராபர்ட் ஹியூட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல், எல்லாவற்றையும் அட்டாக் என்று சொல்லாமல், பார்த்தது, காயமில்லாமல் உரசியது, கடித்தது, கடித்து உயிர் போனது என்று பிரித்துச் சொல்லலாம் என்று எழுதினார்கள். நமக்குச் சுறாக்கடி போதும், நாய்க்கடி, பாம்புக்கடி வரிசையில் தானாகப் போய் உட்காரும். மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாக 2024இல் உலகம் முழுக்கப் பதிவானவை 47தான். மனிதர்கள் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

லோன் ஷார்க்கைக் 'கடன் சுறா' என்று மொழிபெயர்ப்பதையும் பார்க்கிறேன். கந்துவட்டிக்காரர் என்று எழுதினால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.