தங்கத்துக்கு ஒரு காரட், கல்லுக்கு ஒரு காரட்

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் காரட் என்றால் மண்ணிலிருந்து பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுவது. அங்கேயே வாழ்ந்து பழகிய என் பெரியம்மாவோடு குன்னூரில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு மோதிரத்தை எடுத்து வைத்து, “தங்கம் இருபத்திரண்டு காரட்மா, கல்லு கால் காரட்” என்றார். பெரியம்மா ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டே என் காதோரம், “ரெண்டும் ஒரே காரட்டாடா?” என்று கேட்டார்.

இல்லை. தங்கத்தில் காரட் என்பது தூய்மை. கல்லில் காரட் என்பது எடை. இருபத்து நாலு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பது முதலாவது. 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பும் வெள்ளியும் என்றால் 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 916 சொச்சம். கடைகளில் ‘நைன் ஒன் சிக்ஸ்’ என்கிறார்களே, அது இதுதான். 18 காரட் என்றால் 750. வைரத்திலோ ஒரு காரட் 200 மில்லிகிராம். 1907-இல் மெட்ரிக் அளவாக ஏற்றார்கள். அதை நூறாகப் பிரித்தால் சென்ட். கால் காரட் கல் 25 சென்ட், அதாவது 50 மில்லிகிராம். (மலையில் நிலத்தைப் பேசுவதும் சென்ட் கணக்கில்தான். பெரியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன்.)

ஒரே சொல் எப்படி இரண்டு வேலை பார்க்கிறது? கிரேக்க மொழியில் ‘கெரட்டியோன்’ என்றால் குட்டிக் கொம்பு. மத்தியதரைக் கடலோரத்து கரோப் மரத்தின் காய் கொம்பு போல வளைந்திருக்கும், அதனால் அதற்கு அந்தப் பெயர். அதன் விதைகளைத் தராசில் எடைக்கல்லாகப் போட்டார்கள். சொல் அரபியில் ‘கீராத்’ ஆகி, இத்தாலிய வணிகர் வாயில் ‘கராத்தோ’ ஆகி, பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. ரோமானியரின் ‘சாலிடஸ்’ பொற்காசு 24 விதை எடை. அந்த 24-தான் பிறகு தூய்மையின் முழு அளவாக நின்றுவிட்டது என்பது பொதுவான விளக்கம். விதைகள் எல்லாம் ஒரே எடை இருக்கும் என்று நம்பினார்கள். உண்மையில் மற்ற விதைகளைப் போலத்தான் அவையும், ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும்.

நம் ஊரிலும் விதைதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்த கணக்கு இருக்கிறது. ஆனால் தூய்மைக்குத் தமிழ் தனிச்சொல் வைத்திருந்தது: மாற்று. நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்திலேயே மாற்று தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு. இரண்டு கோட்டின் நிறமும் ஒத்தால் நகையின் மாற்று இன்னது என்று முடிவு. பத்தரை மாற்று என்றால் கலப்பில்லாத தங்கம். அந்தக் கணக்கில் 22 காரட், ஒன்பதரை மாற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஆகவே தங்கத்தின் காரட்டுக்கு ‘மாற்று’ என்ற சொல்லே சரியான தமிழ் என்பேன். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, பத்தரை மாற்று இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

கடைக்காரர் லென்ஸைக் கொடுத்தார். மோதிரத்தின் உள்பக்கம் மூன்று குறிகள்: பி.ஐ.எஸ். என்னும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணம், 22கே916, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். அந்த ஆறு இலக்கம்தான் ஹெச்.யு.ஐ.டி., ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்; 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தோம், நகையின் விவரம் வந்தது. பெரியம்மா, “கே.டி.எம். போடலியா?” என்றார். கே.டி.எம். என்பது தூய்மையின் அளவே இல்லை, கேட்மியம் கலந்த பற்றவைப்பு. அதன் புகை பட்டறையில் வேலை செய்கிறவர் உடம்பைக் கெடுக்கும், அதனால் ஒதுக்கிவிட்டார்கள்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் கைக்கடிகாரங்கள். 18கே என்று மட்டும் இருந்தால் கடிகாரத்தின் கூடே தங்கம், பின்னால் ஜி.பி. ஒட்டியிருந்தால் வெறும் முலாம். ‘17 ஜூவல்’ என்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம், அது உள்ளே சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைத்த செயற்கை மாணிக்கம்.

வைரத்தின் காரட்டுக்கு மஞ்சாடி என்று எழுதலாமே என்று கை ஊறும். எழுதக் கூடாது. அதுவும் விதைதான், ஆனால் எடை வேறு. விலை லட்சத்தில் போகும் இடத்தில் அந்த வித்தியாசம் சின்னதில்லை. அங்கே ‘காரட் எடை’ என்றே இருக்கட்டும். பாலாடாவில் விளைவதைக் கேரட் என்று எழுதிவிட்டால் பெரியம்மாவுக்கும் குழப்பம் தீர்ந்தது.