அந்த மாத்திரையை விண்வெளியில் வீசாதீர்கள்

விண்கலம், வேற்றுக்கிரகத்து நாயகன், கடும் பதற்ற நோயோடு மல்லுக்கட்டும் நாயகி. இந்த வகை அறிவியல் புனைகதைக் காதல் நாவல்கள் எனக்குப் பிடிக்கும். பதற்றம் உள்ள பெண்ணைக் கோழையாக ஓரங்கட்டாமல் கதையின் நடுவில் நிறுத்துகின்றனவே, அதற்காகவே பிடிக்கும். ஆனால் பாதிக் கதை தாண்டியதும் ஒரு காட்சி வரும். அவன் அணைத்துக்கொள்வான், அவள் படபடப்பு அடங்கும், மாத்திரை டப்பா காற்றடைப்பு அறை வழியே விண்வெளிக்குப் போய்விடும்.

மனநல மருத்துவரான என்னிடம் அண்மையில் வந்த ஓர் இளம்பெண், "இப்பத்தான் எனக்கு ஒருத்தர் இருக்காரே டாக்டர், எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டேன்" என்றார். தலைசுற்றல், தூக்கமில்லை, கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஓர் அதிர்வு. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும். இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காதல் பதற்ற நோயைக் குணப்படுத்தாது. சில சமயம் வளர்த்துவிடும். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கலத்தின் கதவு சரியாக மூடவில்லையோ என்று நாயகிக்குப் பயம். நாயகன் போய்ப் பார்த்துவிட்டு, "மூடியிருக்கு" என்கிறான். அவளுக்கு நிம்மதி. பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறாள், மறுபடி போகிறான். வாசகருக்கு அது அன்பு. அவள் மூளைக்கோ, "அவன் போய்ப் பார்த்ததால்தான் பிழைத்தோம்" என்ற பாடம். கேட்க வேண்டிய இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் அவன் அடுத்த அறைக்குப் போனாலே அவளுக்கு மூச்சு முட்டும். எழுதியவர் அதை ஆழமான காதல் என்கிறார். நான் அதை நோய் முற்றியது என்பேன். வீடுகளில் கணவர், அம்மா, தோழி என்று எல்லோரும் செய்வதும் இதேதான், நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள்.

அவன் என்ன செய்யலாம்? ஒருமுறை பதில் சொல்லலாம். அடுத்த முறை, "பயம் வருது இல்ல? வரட்டும், நான் இங்கேயே இருக்கேன், ஆனா கதவைப் பார்க்கப் போகல" என்று பக்கத்தில் உட்காரலாம். சிபிடி எனப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையில் நாங்களும் இந்த வழியில்தான் போகிறோம், படிப்படியாக, நோயாளியின் சம்மதத்தோடு.

சில கதைகளில் மூளையில் ஒரு சிப் வைத்து, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியை அணைத்துவிடுவார்கள், பயம் போய்விடும். அமிக்டலா இரு பக்கமும் சிதைந்துபோன மூன்று பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அப்படியிருந்தும், 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்ததும் மூவருக்கும் பேனிக் அட்டாக், அதாவது திடீர்ப் பெரும்பயம், வந்தது. கதை எழுதுகிறவர்களே, விண்கலத்தில் இதைவிட நல்ல கரு உங்களுக்கு எங்கே கிடைக்கும்? பேனிக் நோய் உள்ளவர்கள் இந்த வாயுவுக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டுவார்கள்.

காகிதப் பைக்குள் மூச்சுவிட்டால் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுக்கிறோம். அதே காரணத்தால், அந்தக் காட்சியைத் தயவுசெய்து எழுதாதீர்கள், படித்தாலும் பின்பற்றாதீர்கள். ஆஸ்துமாவோ மாரடைப்போ உள்ளவர் அதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. முதன்முறை நெஞ்சு வலியும் படபடப்பும் வந்தால் "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதயம், தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.

2019-இல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை கிடைப்பது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான். மீதிப் பேரில் எத்தனையோ பேர் தங்களை முதன்முதலில் அடையாளம் காண்பதே இப்படியொரு நாயகியிடம்தான். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: அவளுக்குக் கலத்தில் ஒரு மருத்துவரையும் கொடுங்கள். காதலோடு சிகிச்சையும் தொடரட்டும்.

வாசகர்களுக்கு: எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை முழுதாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாட்கள் படபடப்பு கூடினாலும் பயப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். எதையும் நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், தோழிக்குக் கொடுக்காதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், உங்கள் துணையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.