கமாவைத் திருத்தும் முன் ரெஃபரன்ஸைத் திருத்துங்கள்

கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பப் போகும் ஸ்காலர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "மேடம், ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் ஏபிஏ-வுக்கு மாத்தித் தர முடியுமா?" ஏபிஏ என்பது கட்டுரையின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியலை, அதாவது மேற்கோள் காட்டியவற்றின் விவரங்களை, எழுதும் நடைகளில் ஒன்று. கட்டுரைகளைச் செப்பம் செய்து கொடுப்பதுதான் என் தொழில், மாற்றித் தரலாம். ஆனால் கமா, புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் அந்த வேலையில் சின்னப் பங்கு. பட்டியலில் இருக்கும் தகவலே தப்பாக இருந்தால் அதை எந்த நடையில் எழுதி என்ன?

நடை என்பது எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று முதலில் பார்த்துவிடலாம். 1928இல் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு ஏபிஏ நடையில் இப்படி வரும்: ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502. இதில் இதழின் பெயரும் 121 என்ற தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் இருக்கும்; அடைப்புக்குள் உள்ள வெளியீட்டு எண்ணுக்குச் சாய்வு கிடையாது. மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் நடையில் இதே குறிப்பு, ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ் என்று இனிஷியலுக்குப் புள்ளியில்லாமல் தொடங்கி, நேச்சர். 1928;121:501-2. என்று முடியும். பக்க எண் எப்படிச் சுருங்கியிருக்கிறது பாருங்கள். பொறியியல் இதழ்கள் கேட்கும் ஐஇஇஇ நடையில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், தலைப்பு மேற்கோள் குறிக்குள் போகும்.

இந்த மூன்றுக்கும் இடையே மாறுவதற்கு ஸொட்டேரோ, மெண்டலே போன்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் ஒரு க்ளிக் போதும். ஸொட்டேரோவுக்குக் காசு கிடையாது, ஆயிரக்கணக்கான இதழ்களின் நடைகள் அதற்குக் கிடைக்கின்றன. போதாததற்கு, முதல் சமர்ப்பிப்பில் எந்த நடையானாலும் சரி, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று பல இதழ்கள் இப்போது சொல்லிவிட்டன. இரவெல்லாம் விழித்துக் கையால் கமா போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மென்பொருளுக்கு விஷயம் தெரியாது. கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அச்சடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையைச் சேர்க்கும்போது பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாக இருக்கும் ஆசிரியர் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றாமல் விட்டால், பட்டியலில் "ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்." என்று ஓர் ஆள் முளைப்பார். கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் தீர்ந்துபோகிற விஷயம் இது. பொது சுகாதாரத் துறைக் கட்டுரைகளில் இந்த ஆளை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

தமிழ்ப் பெயர்களின் கதை இதைவிடச் சிக்கல். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல் அப்பாவின் பெயர். முருகன் மகன் கார்த்திகேயன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு ஜர்னலின் படிவம் குடும்பப்பெயர் கட்டாயம் என்கிறது, அவர் அப்பா பெயரைப் போடுகிறார். உலகம் அவரை "முருகன், கே." என்று மேற்கோள் காட்டத் தொடங்குகிறது. அடுத்த கட்டுரையில் வெறும் "எம்" என்று போடுகிறார், அங்கே "எம், கே." ஆகிவிடுகிறார். மூன்றாவதில்தான் "கார்த்திகேயன், எம்." தரவுத்தளத்தின் கணக்கில் இவர்கள் மூன்று பேர். அடுத்தவர் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது, அது வெளியான இதழின் பக்கத்தில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்; நமக்குத் தெரியும் என்று நாமாகத் திருப்பிப் போட்டால் தேடுகிறவருக்குக் கட்டுரை சிக்காது. உங்கள் பெயரைப் பொறுத்தவரை, முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை வாங்கி அதிலேயே நில்லுங்கள். இலவசம்தான். கைடின் பெயருக்கும் இதே கதைதான். ஆனால் அவரிடம் போய்ச் சொல்லும் தைரியம் உங்களைப் பொறுத்தது.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். எல்செவியர் பதிப்பகத்தின் வழிகாட்டியிலும் டெம்ப்ளேட்டிலும், ரெஃபரன்ஸ் எழுதும் விதத்தைக் காட்டுவதற்காக மாதிரிக்கு ஒரு வரி இருந்தது: வான் டெர் கியர் முதலிய மூவர் 2000இல் எழுதியதாக 'தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயின்டிஃபிக் ஆர்ட்டிகிள்'. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனால் அது நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாக ஏறியிருந்ததைப் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங் 2017இல் எடுத்துக் காட்டினார். பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். டெம்ப்ளேட்டின் மேலேயே எழுதியவர்கள் அந்த வரியை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டாளரும் பார்க்கவில்லை, பதிப்பாசிரியரும் பார்க்கவில்லை.

அது மறதியால் வந்தது. இப்போது வருவது வேறு ரகம். சாட்ஜிபிடியிடம் ரெஃபரன்ஸ் கேட்டு வாங்கி ஒட்டுகிறார்கள். ஆசிரியர் நிஜமானவர், அந்தத் துறைக்காரர்தான். இதழும் நிஜம். தொகுதி எண்ணும் பொருந்துவது போலவே இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பட்டியலில் டிஓஐ-யை, அதாவது கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்ணைத் திறந்தால் மண்புழு உரம் பற்றிய கட்டுரை வந்தது. ஸ்காலரின் தலைப்போ வங்கிக் கடன். நடை என்னவோ ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி அப்பழுக்கில்லாமல் இருந்தது! இப்போதெல்லாம் மிகச் சுத்தமாக வரும் பட்டியலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகம் வருகிறது.

சோதிக்கும் வழி எளிது. ஒவ்வொரு டிஓஐ-யையும் திறந்து பாருங்கள். திறக்கும் பக்கத்தில் தலைப்பும் முதல் ஆசிரியரும் ஆண்டும் உங்கள் வரியோடு ஒத்துப்போக வேண்டும். டிஓஐ இல்லாத கட்டுரைக்கு, டிஓஐ பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபின் தேடலில் முழுத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பழைய கட்டுரைகளும் நம் ஊர் இதழ்கள் பலவும் அங்கே இருக்காது. அவற்றுக்கு இதழின் தளமோ நூலகமோதான் கதி. கூகுள் ஸ்காலரிலிருந்து இறக்கிய பதிவை அப்படியே நம்ப வேண்டாம், அதில் பக்க எண் விடுபட்டிருக்கலாம், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கலாம்.

அதோடு, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பாருங்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட்டில் வந்த கட்டுரையை அந்த இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் அது மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரை உங்கள் ஸொட்டேரோவில் இருந்தால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும். அப்படிப்பட்ட கட்டுரையைச் சுட்டித்தான் ஆக வேண்டுமென்றால், திரும்பப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வான்கூவர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அட்டவணைக்குள் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தின் வரிசைப்படிதான் எண் வர வேண்டும். அட்டவணையைக் கோப்பின் கடைசியில் வைத்தால் மென்பொருள் அதற்குக் கடைசி எண்ணைக் கொடுத்துவிடும். இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

கட்டுரை ஏற்கப்பட்டபின், அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் ப்ரூஃபுடன் கேள்விகள் வரும்: ரெஃபரன்ஸ் 14 உரையில் எங்கும் இல்லை, 22க்கும் 31க்கும் விவரம் ஒன்றே. பதில் சொல்லப் பெரும்பாலும் இரண்டு நாள்தான் தருவார்கள். 14ஐ அழித்தால் அதற்குப் பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகரும் என்பதால், அழிப்பதைவிட அது உரையில் எந்த வரிக்கு உரியது என்று கண்டுபிடித்து அங்கே சேர்க்கச் சொல்வது நல்லது. இதற்காகவே, ஜர்னலுக்கு அனுப்ப இணைப்பு நீக்கிய பிரதி ஒன்று எடுத்தாலும், ஸொட்டேரோ இணைப்புள்ள மூலக்கோப்பைத் தனியாக வைத்திருங்கள்.