வீடியோ கேம்: நிகழ்பட ஆட்டம்

தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி ஆகியவற்றின் திரையில் தோன்றும் உருவங்களை ஆடுபவர் தம் கையால் இயக்க, அவ்வியக்கத்துக்கு ஏற்பக் காட்சி உடனுக்குடன் மாறும்படி அமைந்த ஆட்டமே வீடியோ கேம். இதற்குத் தமிழில் காணொளி விளையாட்டு, நிகழ்பட ஆட்டம் என இரு சொற்கள் வழங்குகின்றன. பின்னதே பொருத்தமானது என்று நான் கருதுகிறேன்.

சொல்லுக்கு முன்பே பொருள் எனக்கு அறிமுகமாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த மாமா, குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலிருந்த எங்கள் வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது, கோடாலித் தைலத்துக்கும் டார்ச் விளக்குக்கும் இடையே அந்தக் கருவி இருந்தது. தொலைக்காட்சியிலிருந்து ஆன்டெனா கம்பியைக் கழற்றி, அவ்விடத்தில் கருவியின் கம்பியைச் செருகி, புள்ளிமழையாய் இரைந்த திரையில் படம் பிடிபடும்வரை மாமா திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அதுவரை திருவனந்தபுரம் நிலையம் காட்டியதை மட்டுமே காட்டிவந்த அந்தத் திரையில், நான் பொத்தானை அழுத்தியதும் தொப்பியணிந்த மாரியோ குதித்தான். கையை எடுத்ததும் நின்றான். நான் சொன்னதைத் தொலைக்காட்சி கேட்கிறது என்ற அந்த வியப்பு இன்றும் என்னிடம் குறையவில்லை.

நாங்கள் அதை ‘டிவி கேம்’ என்றும், அதில் செருகும் ஆட்டப் பேழையைக் ‘கேசட்’ என்றும் சொன்னோம். வீடியோ கேம் என்ற பெயரைப் பின்னாளில் நாகர்கோவிலில், மணிக்கணக்கில் காசு வாங்கி ஆடவிட்ட கடையொன்றின் பலகையில்தான் படித்தேன். ஆனாலும் டிவி கேம் பிழையான பெயரன்று. வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கருவியை உருவாக்கிய ரால்ஃப் பேர் 1973இல் பெற்ற காப்புரிமையின் தலைப்பிலேயே தொலைக்காட்சி என்ற சொல் இருக்கிறது. அவருடைய வடிவமைப்பின் வழிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி என்னும் கருவி 1972இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தின் பாங் என்னும் ஆட்டம் வெளியாயிற்று. ஜப்பானியரும் இவ்வாட்டத்தைத் ‘தெரெபி கேமு’, அதாவது தொலைக்காட்சி ஆட்டம், என்று அழைப்பதுண்டு.

வீடியோ என்பது இலத்தீனில் ‘நான் காண்கிறேன்’ என்று பொருள்படும் வினைமுற்று. ‘கேட்கிறேன்’ என்னும் பொருளுடைய ஆடியோவைப் பின்பற்றி, தொலைக்காட்சித் தொழில்நுட்பம் வளர்ந்த 1930களில் ஆங்கிலத்தார் இதைப் பெயராக்கிக்கொண்டனர். காணொளி என்ற தமிழ்ச்சொல் ‘காண்’ என்னும் வேரைக் கொண்டிருப்பதால் மூலத்துக்கு நெருக்கமானதே. திருமண வீடியோவுக்கும் செய்தி வீடியோவுக்கும் அது நன்கு பொருந்துகிறது. ஆனால் அச்சொல்லில் காண்பவரின் செயல் மட்டுமே உள்ளது. படத்துக்கு அதில் செயல் இல்லை. நிகழ்படம் என்பதிலோ நிகழ்வது படம். வினைத்தொகையாதலால் நிகழ்ந்த படம், நிகழ்கின்ற படம், நிகழும் படம் என முக்காலத்துக்கும் அது இடம் தருகிறது. பதிவுசெய்த வீடியோ நிகழ்ந்த படம். நேரலை நிகழ்கின்ற படம். மாரியோ பள்ளத்தைத் தாண்டுவானா, விழுவானா என்று ஒரு சிறுவனின் விரல் முடிவு செய்யவிருக்கும் அந்த நொடியோ இனி நிகழும் படம். இந்த மூன்றாவது காலத்துக்கு இடமளிப்பதால்தான் நான் இச்சொல்லின் பக்கம் நிற்கிறேன்.

கேம் என்பதன் பழைய ஆங்கில வடிவமான ‘கமென்’ மகிழ்ச்சியைக் குறித்தது. நம்மிடமும் இந்த உறவு பழையது: ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே’ என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் விளையாட்டை உவகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக வைக்கிறது. அதைவிட நெருக்கமான சான்று எங்கள் மாவட்டத்துப் பேச்சில் கிடைக்கிறது. எழுத்துத் தமிழில் களித்தல் மகிழ்தல். மலையாளத்தில் களி விளையாட்டு. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் ‘களிக்கப் போவோம்’ என்றால் விளையாடப் போவோம் என்றே பொருள். மாமா கொண்டுவந்த கருவியைச் சுற்றி நாங்கள் அமர்ந்திருந்தபோது, அடுக்களையிலிருந்து வந்த பாட்டி, “டிவிக்குள்ள என்ன களி மக்களே?” என்று கேட்டார். மகிழ்ச்சியும் ஆட்டமும் பிரியாமல் நிற்கும் அந்த ஒற்றைச் சொல், ஆங்கிலம் மறந்துவிட்ட பொருளையும் சேர்த்துச் சுமக்கிறது.

மாவட்டத்துக்கு வெளியே களி என்றால் கேழ்வரகுக் களிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், பொதுவழக்குக்கு ஆட்டம் என்ற சொல்லே தகும். விளையாட்டு என்பதை ஏன் தவிர்க்க வேண்டும் என்று கேட்கலாம். தவிர்க்க வேண்டியதில்லை, ஆனால் ‘ஓர் ஆட்டம் தோற்றேன், அடுத்த ஆட்டம் உனக்கு’ என்று முறைவைத்து எண்ணுவதற்கு ஆட்டமே எளிது. ஒரே கைப்பிடிக்கு நான்கு பேர் காத்திருந்த அந்த வீட்டில் நாங்கள் எண்ணியதும் அப்படித்தான்.