நிலாவைச் செய்தது யார்?

நாகர்கோவிலில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, அதாவது உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல் போன்ற வேலைகளைக் குழந்தை தானே செய்யும்படி உடலையும் கையையும் பழக்கும் சிகிச்சை, அளித்து வருகிறேன். பென்சிலைப் பிடித்தாலே கை வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைகளே என்னிடம் அதிகம் வருகிறார்கள். அப்படி வந்த யுகேஜி சிறுவன் ஒருவன், பள்ளியில் 'நிலா நிலா ஓடி வா' பாட்டுக்காகச் செய்து வரச் சொன்ன அட்டை நிலாவையும் கையில் வைத்திருந்தான். பிசிறில்லாத வட்டமும் ஜிகினாத் தூளும் பஞ்சு மேகமுமாக அது மிக அழகாக இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். "அம்மை" என்று பெருமையோடு சொன்னான். ஒரு வட்டம் வரையச் சொன்னபோது, அவன் இழுத்த கோடு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவே இல்லை.

அந்தத் தாயின் மீது எனக்குக் குறை இல்லை. வேலை முடிந்து வந்து, பிள்ளையை உறங்க வைத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். வகுப்புச் சுவரில் அழகாகத் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்வரை பெற்றோர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால், அந்த வேலையில் வளர வேண்டியிருந்த கை உறங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட ஆண்டுகள் ஆகின்றன. கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்குவதற்கே ஏறத்தாழ 10 வயது ஆகிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதை ஒட்டி வட்டத்தையும், 4 வயதுக்கு மேல் சதுரத்தையும், 5 வயதை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். இந்தப் பருவத்தில் பக்கம் பக்கமாக எழுத வைப்பதைவிடக் கிழிக்கவும் பிசையவும் மடக்கவும் விடுவதே எழுதும் கைக்கு உரம் சேர்க்கும்.

நம் பாட்டுகள் இதைச் செய்தே வந்திருக்கின்றன. 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' பாடும்போது இடுப்பும் முதுகும் நிலைகொள்கின்றன. 'கை வீசம்மா கை வீசு' பாடும்போது தோள் பழகுகிறது. தோள் உறுதிப்படாத குழந்தைக்கு விரல் நிதானப்படுவது கடினம். ஆகவே பாடி ஆடிய பிறகே கைவேலையில் உட்கார வைக்கிறேன். நிலாவுக்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. பழைய செய்தித்தாளைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து, சோற்றுப் பருக்கையை நசுக்கி, ஒரு வட்டத்துக்குள் ஒட்டினால் போதும். பருக்கையை நசுக்கும் விரல்கள்தாம் நாளை பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. கத்தரிக்கோலைப் பழக்கும்போது, மெல்லிய தாளை விட ஈர்க்கில் நீக்கிய தென்னோலைத் துண்டு நல்லது. அது விறைப்பாக நிற்பதால் ஒரே வெட்டில் துண்டாகி விழுவதைக் குழந்தை உடனே காண்கிறது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) பிறந்த தேரூர், சுசீந்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவையும் துள்ளும் கன்றுக்குட்டியையும் பற்றிய அவருடைய பாட்டை அறியாத வீடு இந்த மாவட்டத்தில் குறைவு. அதற்கு நான் செய்ய வைப்பது பலா இலைப் பசு. கஞ்சி குடிக்க நம் பாட்டிமார் பலா இலையைக் கோட்டி ஈர்க்கிலால் குத்தியதைப் போலவே, இலையைக் கூம்பாக மடக்கி ஈர்க்கில் துண்டால் குத்தினால் பசுவின் தலை கிடைக்கும். இரண்டு ஈர்க்கில்களை வளைத்துச் செருகினால் கொம்பு. ஒரு கை இலையைப் பிடித்திருக்க, மற்றொரு கை குத்த வேண்டும். சட்டைப் பொத்தான் போடுவதற்கும், நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கும் இதே ஒத்துழைப்புத்தான் தேவை. ஈர்க்கில் முனை கண்ணில் படக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

பசுவுக்குக் கண் வைக்கும் இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணியைக் குழந்தைகளின் கையில் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள அப்ரின் என்னும் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. விதையின் மேலோடு கெட்டியாக இருக்கும்வரை நஞ்சு பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். மென்றாலோ, கோப்பதற்காகத் துளையிட்டாலோ ஆபத்து பல மடங்கு கூடும். விழுங்கியது தெரிந்தால், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேலியோரத்து மஞ்சள் அரளிக் காயும் இதயத்தைத் தாக்கும் நஞ்சே. 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புளியங்கொட்டை, பாசிமணி, சிறு சிப்பி போன்ற, தொண்டையை அடைக்கக்கூடிய எதுவும் வேண்டாம். கண்ணுக்கு அடுப்புக்கரியால் ஒரு பொட்டு வைத்தாலே பசு பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் வகுப்பிலேயே, பாட்டு நடக்கும் நேரத்திலேயே செய்ய வையுங்கள். கோணலான நிலாக்களை அப்படியே சுவரில் ஒட்டுங்கள். இப்படிச் சில மாதங்கள் பழகிய பிறகும், 5 வயதுக் குழந்தை தாளைக் கிழிக்கத் திணறினாலோ, ஒரு கையை எப்போதும் ஒதுக்கியே வைத்திருந்தாலோ, பசையைத் தொட்டாலே அழுதாலோ, அதைச் சோம்பல் என்று கண்டிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.