டைவிங், டென்ட், உயரம்: பயணத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஸ்கூபா டைவிங்கையும் கேம்பிங்கையும் ஒரே பயணத்தில் சேர்க்க நினைப்பவர்கள் பொதுவாகச் சாமான் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் முதலில் முடிவாக வேண்டியது எது முன்னால், எது பின்னால் என்பது. நீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. கரையேறிய பிறகும் அது வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் கரைந்த வாயு குமிழ்களாகி மூட்டையோ தண்டுவடத்தையோ பாதிக்கலாம். டைவர்கள் 'பென்ட்ஸ்' என்று சொல்லும் அழுத்தக்குறைவு நோய் இதுதான்.

டைவுக்குப் பிறகு விமானம் ஏற எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விமான விதி பலருக்கும் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் ஏறுவதற்கு முன் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரம். டிகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலேறும் வழியில் நைட்ரஜன் வெளியேற நின்று காத்திருப்பது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இதே விதியை மலை முகாமுக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. விமானத்தில் போனாலும் காரில் போனாலும் உடம்புக்கு உயரம் உயரம்தான். 600 மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால் விமான விதியையே வைத்துக்கொள்ளுங்கள். டென்ட் போடும் இடம் தாழ்வாக இருந்து, போகும் வழி உயரமான கணவாயைத் தாண்டினால், கணவாயின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே மலை முகாம் முதலில், டைவ் அடுத்து, கடைசி இரவு கடல்மட்டத்திலேயே முகாம். மலை ஏரியில் டைவ் செய்வது தனி விஷயம். 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலைக்கு டைவ் கம்ப்யூட்டரில் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்துப் பாதுகாப்பு அளவைக் கணக்கிடும் கருவி) உயர அமைப்பு சரியாக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியும் வேண்டும்.

டென்ட் அடிப்பது, விறகு சுமப்பது எல்லாம் டைவுக்கு முன்பே முடியட்டும். டைவ் முடிந்த கையோடு கடும் உடலுழைப்பு குமிழ் உருவாவதைக் கூட்டும். அன்றிரவு மதுவும் வேண்டாம். உடலில் நீர் வற்றுவது மட்டுமல்ல, அறிகுறியையும் அது மறைத்துவிடும்.

உண்மையில் எங்களுக்குப் பெரிய கவலையே இந்த மறைப்புதான். பென்ட்ஸ் அறிகுறிகள் பெரும்பாலும் டைவ் முடிந்த சில மணி நேரத்துக்குள், அதாவது டென்ட்டுக்குள் இருக்கும்போதே தலைகாட்டும். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. தோள் வலித்தால் கல் மேல் படுத்தது, கை மரத்துப்போனால் ஒருக்களித்துத் தூங்கியது, அளவுக்கு மீறிய களைப்பு என்றால் வெயில். மூட்டுக்குள் ஆழமாக, இன்ன இடம் என்று விரல் வைக்க முடியாத வலி, எழுந்து நடந்தும் இளகாவிட்டால் சந்தேகப்படுங்கள். கெட்டியான தரையில், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். இரு கைகளிலும் தொடு உணர்ச்சி ஒன்றுபோல் இருக்கிறதா, சிறுநீர் சிரமமில்லாமல் போகிறதா என்று கேளுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் படுக்க வைத்து 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள், அவசர உதவியை அழையுங்கள். திரும்ப நீருக்குள் இறக்கிச் சரிசெய்யும் யோசனை கூடவே கூடாது. ஆக்சிஜனில் வலி அடங்கிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். எவ்வளவு ஆக்சிஜன் கொண்டுபோவது என்பது எளிய கணக்கு: 2 லிட்டர் சிலிண்டரை 200 பார் (பார் என்பது அழுத்த அலகு) வரை நிரப்பினால் 400 லிட்டர் வாயு, நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 26 நிமிடத்தில் தீரும். 5 லிட்டர் சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். முகாமிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தோடு இதை ஒப்பிடுங்கள். போதாதென்றால் முகாமை மாற்றுங்கள். போன் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைப் பகலிலேயே பார்த்துவையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் அடுப்புக்கும் தீக்கும் அருகில் வரக் கூடாது.

டென்ட்டுக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அதுவும் பென்ட்ஸ் போலவே தோன்றலாம். மழை பெய்தாலும் சமையல் வெளியில்தான்.

இனி கருவிகள். கேம்பிங்கில் மணல்தான் எதிரி. டார்ச்சின் ஓ-ரிங்கில் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு மணல் துகளோ ஒரு தலைமுடியோ ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். பேட்டரி மாற்றுவதைத் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். காருக்குள் துணி விரித்துச் செய்யுங்கள். கழுவ நல்ல தண்ணீர் இரண்டு பேருக்கு 40 லிட்டராவது தனியாக வேண்டும். குடிநீரில் கை வைக்கும் நிலை வரக் கூடாது. ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) ஊறவைக்கும்போது தூசிமூடி இறுக்கமாக இருக்கட்டும், வாயில் வைக்கும் பகுதியில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை அழுத்த வேண்டாம். அழுத்தினால் உப்புக் கலந்த கழுவுநீர் ஹோஸ் வழியே, சிலிண்டரோடு இணையும் முதல்நிலைக்குப் போய்விடும். ஈரமான வெட்சூட்டை (டைவிங் உடை) டென்ட்டுக்குள் தொங்கவிட்டால் விடிவதற்குள் படுக்கையும் நனைந்திருக்கும். வெளியே, நிழலில் காயப்போடுங்கள்.

நிரப்பிய டைவ் சிலிண்டரை வெயிலில் விடாதீர்கள். 20 டிகிரியில் 200 பார் இருப்பது 50 டிகிரியில் சுமார் 220 ஆகும். படுக்கவைத்து, உருளாமல் முட்டுக் கொடுத்து, மேலே துணி போட்டு மூடுங்கள். தீர்ந்த சிலிண்டரிலும் 20 பாராவது மிச்சம் வைத்து வால்வை மூடுங்கள். முழுக்கக் காலியானால் ஈரம் உள்ளே புகுந்து துரு பிடிக்கும்.